தேயிலையில் மிதந்த கப்பல்கள்

மலைக்கும் கடலுக்கும் என்ன உறவு? நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த நம் முன்னோர் குறிஞ்சியை ஒரு கோடியில் வைத்தனர். நெய்தலை மறு கோடியில் வைத்தனர். குன்றக் குறவனுக்கு வேலும் தினையும். பரதவனுக்கு வலையும் உப்பும். இருவரும் ஒருவரை ஒருவர் காணாமலே வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் வணிகம் என்ற ஒன்று தோன்றியதும் இந்த எல்லைகள் அழிந்தன. மலையில் விளைந்தது கடலில் மிதந்தது. மலையில் சிந்திய வியர்வை தூர தேசத்துத் துறைமுகங்களில் பொன்னாயிற்று.

கடல்மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேலே அமைந்த ஹட்டன் நகரை அண்டி வாழ்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். என் மாணவரிற் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பை எட்டும்வரை கடலைக் கண்ணாற் கண்டதில்லை. அவர்களுக்குக் கப்பல் என்பது மழைநாளில் லயத்து வாசற் கானில் மிதக்கவிடும் காகிதக் கப்பல்தான். எனினும் உலகம் வியந்து பார்த்த பாய்மரப் படகுகள் ஐந்தின் கதை, இந்த மலைநாட்டின் கதையோடு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கிறது. அந்தக் கதையைத் தமிழ் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்வரின் மரக்கலம்

கப்பல் என்றால் சரக்கு ஏற்றவோ ஆளை ஏற்றவோ போர் செய்யவோ பயன்படுவது என்றுதான் நாம் எண்ணுவோம். இவற்றில் எதற்கும் உதவாமல், உடையவரின் உல்லாசத்துக்கென்றே கட்டப்படும் கலங்களும் உண்டு. ஆங்கிலேயர் இவற்றை 'யாட்' என்பர். டச்சு மொழியில் வேட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். 1660ஆம் ஆண்டில் இரண்டாம் சார்ல்ஸ் மன்னன் இங்கிலாந்தின் அரியணைக்கு மீண்டபோது, டச்சுக்காரர் அவனுக்கு அத்தகைய படகொன்றைப் பரிசளித்தனர். அன்று தொடங்கிய மோகம் இன்றுவரை தணியவில்லை.

இக்காலத்தில் இந்தக் கலைக்குப் பெயர்போன நாடுகளுள் ஜேர்மனியும் ஒன்று. பிரேமன் நகரை அடுத்து 1875ஆம் ஆண்டு பிரீட்ரிக் லூர்சன் என்பவர் சிறியதொரு படகுப் பட்டறையைத் தொடங்கினார். மோட்டார் இயந்திரத்தின் தந்தையருள் ஒருவரான டைம்லருக்கு 1886இல் உலகின் முதலாவது மோட்டார்ப் படகைக் கட்டிக் கொடுத்தது தானே என்று அந்தப் பட்டறை பெருமை பேசிக் கொள்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் கடற்படைக்கு விரைவுப் படகுகளைச் செய்தளித்ததும் அதுவே. 2013ஆம் ஆண்டில் அது கட்டி முடித்த 'அஸாம்' என்ற உல்லாசக் கப்பலின் நீளம் 180 மீற்றர். ஒரு தனி மனிதரின் இன்பத்துக்கு அத்தனை நீளம்! நம் தோட்டங்களில் எத்தனை லயங்களை வரிசையாக வைத்தால் அந்த நீளம் வரும் என்று கணக்குப் பாடத்தில் மாணவரைக் கேட்கலாம்.

இத்தகைய பட்டறைகளின் வரலாற்றைப் படிப்பது சுவையான காரியம். எந்த ஆண்டில் எந்தச் செல்வர் எவ்வளவு நீளத்தில் எந்த மரத்தால் கலம் செய்வித்தார் என்பதெல்லாம் பழுதின்றிப் பதிவாகியிருக்கும். ஆனால் அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஏடுகள் சொல்வதில்லை. ஒரு முறை வகுப்பில் 'ஷாம்ராக்' என்ற பாய்மரப் படகின் படத்தைக் காட்டி விளக்கிக் கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "சேர், இந்தக் கப்பல் கட்ட யாரு சல்லி குடுத்தது?" என்று கேட்டாள். வரலாற்றாசிரியன் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. விரிவாகக் கூறப் புகுந்ததன் விளைவே இவ்வெழுத்து.

மளிகைக் கடைக்காரர் மலைக்கு வந்தார்

தோமஸ் லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். அவர் பெற்றோர் பஞ்சத்தால் அயர்லாந்தை விட்டுக் குடிபெயர்ந்து வந்த ஏழைகள். இளமையில் அமெரிக்கா சென்று கூலி வேலை செய்தார். கடைகளில் சிப்பந்தியாகவும் இருந்தார். அங்கே விளம்பரம் என்ற மந்திரத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1871இல் தம் முதல் கடையைத் திறந்தார். பன்றி இறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் விற்ற கடை அது. இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியா எங்கும் அவர் கடைகள் பெருகின.

அக்காலத்தில் இலங்கையின் மலைநாடு பெரும் மாறுதலுக்கு உள்ளாகியிருந்தது. 1869இல் தோன்றிய ஒருவகைப் பூஞ்சண நோய் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. 1884இல் தோட்டக்காரருக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியன்டல் வங்கியும் முறிந்தது. துரைமார் பலர் கையிலிருந்த நிலத்தை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். 1867இல் லூல்கந்தூரையில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை ஒன்றே மலைக்கு மறுவாழ்வு தருவதாயிருந்தது.

1890ஆம் ஆண்டு லிப்டன் கொழும்பில் வந்திறங்கினார். நிலத்தின் விலை வீழ்ந்திருந்ததையும் தேயிலையின் தேவை ஏறியிருந்ததையும் ஒருசேரக் கண்டார். அப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதென்ன முதலிய தோட்டங்களையும் புசல்லாவைப் பகுதியில் ஒரு தோட்டத்தையும் வாங்கினார். இடைத்தரகர் இன்றித் தோட்டத்திலிருந்து நேரே வாங்குவோரின் தேநீர்ப் பாத்திரத்துக்குத் தம் தேயிலை வருவதாக உலகெங்கும் விளம்பரம் செய்தார். தேநீரைத் தொழிலாளிக்கு இன்னும் எளிதில் எட்டும் பானமாக்கியதில் அவருக்கு உள்ள பங்கை மறுக்க முடியாது. கொழுந்து நிறைந்த மூட்டைகளைச் சரிவிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கக் கம்பிவடம் அமைத்ததும் அவர் சமயோசிதத்துக்குச் சான்று.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். லிப்டன் விற்ற தேயிலை முழுவதும் லிப்டன் தோட்டங்களில் விளைந்ததன்று. அவருடைய தோட்டங்கள் கொடுத்தது சிறு பங்கே. பெரும்பங்கு பிற தோட்டங்களிலிருந்து ஏலத்தில் வாங்கப்பட்டது. ஆகவே அவர் பொட்டலங்களில் அப்புத்தளைக் கொழுந்து மாத்திரமன்றி டிக்கோயா, டிம்புள்ள, நுவரெலியாக் கொழுந்தும் கலந்திருக்கக்கூடும். அவர் செல்வத்துக்கு ஒரு தோட்டத்தை மட்டும் ஊற்றாகக் காட்டுவது பொருந்தாது; மலைநாடு முழுவதும் அதற்கு ஊற்று.

ஏரின் என்னும் மாளிகை

1898ஆம் ஆண்டில் லிப்டன் 'சேர்' பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அவருடைய வணிகம் பங்குதாரர் கம்பனியாயிற்று. அப்போதே அவர் ஒரு நீராவி உல்லாசக் கப்பலையும் வாங்கினார். ஸ்கொட்லாந்தின் கிரீனொக் நகரில் ஸ்கொட் கம்பனியார் 1896இல் கட்டிய கலம் அது. இத்தாலியச் செல்வர் ஒருவருக்காகக் கட்டப்பட்டபோது அதன் பெயர் 'ஏகூசா'. லிப்டன் தம் பெற்றோரின் தாயகத்தை நினைந்து அதற்கு 'ஏரின்' என்று பெயர் மாற்றினார். அயர்லாந்தின் பழம் பெயர் அது. அரசரும் அமைச்சரும் நடிகையரும் புதுமை புனைந்தோரும் அதில் விருந்துண்டனர். மளிகைக் கடைக்காரருடன் ஆங்கில மன்னர் படகு விடப் போயிருக்கிறார் என்று ஜேர்மானியச் சக்கரவர்த்தி கேலி செய்ததாக ஒரு கதை வழங்குகிறது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் லிப்டன் அந்தக் கப்பலைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பணிக்கு உதவினார். மருத்துவரையும் தாதியரையும் சேர்பியாவுக்கு ஏற்றிச் சென்றது அது. பின்னர் கடற்படை அதை ஏற்று, பழைய பெயரையே மீண்டும் சூட்டியது. 1916 ஏப்ரலில் மத்தியதரைக் கடலில் மோல்டாத் தீவருகே கண்ணிவெடியில் மோதி அது மூழ்கியது. உல்லாசத்துக்குப் பிறந்த கலம் போரில் மடிந்தது.

ஐந்து முறை தொடுத்த போர்

லிப்டனின் பெயரைக் கடலோடு பிணைத்தது ஏரின் அன்று; ஷாம்ராக். மூவிலைச் செடி ஒன்றின் பெயர் அது, அயர்லாந்தின் சின்னம். ஈரிலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளிய செல்வத்தால் ஒரு மூவிலைச் செடி கடலில் தழைத்தது.

1851ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற பாய்மரப் படகு வென்று ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் பெற்றது. நியூயோர்க் படகுச் சங்கத்தின் கைக்கு வந்த அந்தக் கிண்ணத்தை வென்று மீட்க ஆங்கிலேயர் பலமுறை முயன்றும் இயலவில்லை. 1983இல் ஓர் அவுஸ்திரேலியப் படகு வெல்லும்வரை, 132 ஆண்டுகள், அது அமெரிக்கரை விட்டு நீங்கவில்லை. இந்தக் கிண்ணத்துக்காகவே லிப்டன் ஐந்து முறை அறைகூவினார். ஐந்து முறையும் புதுப் படகு கட்டினார். ஐந்து முறையும் தோற்றார்.

முதலாவது ஷாம்ராக் தேம்ஸ் நதிக்கரையின் தோர்னிக்ரொப்ட் பட்டறையில் உருவானது. 1899இல் 'கொலம்பியா'விடம் மூன்று ஓட்டங்களிலும் தோற்றது. இரண்டாவது ஷாம்ராக்கை ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டன் நகரத்து டெனி சகோதரர் கட்டினர். தேயிலைக்கும் அந்தப் பட்டறைக்கும் முன்பே ஓர் உறவு இருந்தது. சீனத்துத் தேயிலையை இலண்டனுக்கு விரைந்து கொண்டு சேர்க்கவென 1869இல் நீரில் இறங்கிய 'கட்டி சார்க்' என்ற புகழ்பெற்ற கலம், தொடங்கியவர் கடன்பட்டு முறிந்ததால், டெனி பட்டறையாரால்தான் நிறைவு செய்யப்பட்டது. 1883இல் அவர்கள் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்தனர். கட்டவிருக்கும் கப்பலின் சிறு மாதிரியை மெழுகில் வார்த்து, அந்தத் தொட்டியில் இழுத்துப் பார்த்து, நீர் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்பர். வணிகக் கப்பற் பட்டறை ஒன்று உலகில் முதன்முதலாக அமைத்த சோதனைத் தொட்டி அது. வோட்சன் என்ற வரைஞர் இரண்டாம் ஷாம்ராக்கின் வடிவத்தை அங்கேதான் பரீட்சித்துத் தெரிந்தார்.

இத்தனை ஆராய்ச்சியும் விதியை மாற்றவில்லை. 1901 மே மாதம் ஏழாம் எட்வேர்ட் மன்னரே படகில் இருந்த வேளையில் பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. நல்வாய்ப்பாக எவரும் காயமுறவில்லை. அவ்வாண்டுப் பந்தயத்திலும் கொலம்பியாவே வென்றது. 1903இல் மூன்றாம் ஷாம்ராக், இராட்சதப் பாய்களை விரித்த 'ரிலையன்ஸ்' என்ற படகிடம் தோற்றது.

நான்காம் ஐந்தாம் ஷாம்ராக்குகள் பிறந்த இடம், இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கொஸ்போர்ட். அங்கே பிரான்சிஸ் ஏமஸ் என்பார் 1782இல் தொடங்கிய பட்டறை பின்னர் வில்லியம் கேம்பர் கைக்கு வந்தது. 1842இல் அங்கே தொழில் பழகச் சேர்ந்த பென் நிக்கல்சன் என்ற சிறுவன், காலப்போக்கில் பட்டறைக்கே தலைவனானான். இருவர் பெயரும் இணைந்து 'கேம்பர் அன்ட் நிக்கல்சன்' என்றாயிற்று. பென்னின் மகன் சார்ல்ஸ் நிக்கல்சன் வரைந்தவையே அந்த இரு படகுகளும். தச்சன் மகன் தச்சன் என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கன்று.

1914இல் நான்காம் ஷாம்ராக் அத்திலாந்திக் கடலைக் கடந்துகொண்டிருந்த வேளையில் போர் மூண்டது. பந்தயம் நின்றது; படகு ஆறு ஆண்டுகள் அமெரிக்கக் கரையில் காத்துக் கிடந்தது. 1920இல் ஓடியபோது முதல் இரண்டு ஓட்டங்களில் வென்றது. இன்னும் ஒன்று வென்றால் கிண்ணம் லிப்டனுடையது. அடுத்த மூன்றிலும் 'ரெசலூட்' வென்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

1930இல், தம் 82ஆம் வயதில், ஐந்தாம் ஷாம்ராக்குடன் லிப்டன் நியூபோர்ட் கடலில் நின்றார். உருக்குச் சட்டத்தின்மேல் மகோகனிப் பலகை வேய்ந்த அழகிய படகு அது. ஏறத்தாழ 120 அடி நீளம். எதிரே நின்ற 'என்டர்பிரைஸ்' படகுக்கோ இலேசான உலோகக் கலவையாலான பாய்மரம். நான்கு ஓட்டங்களிலும் என்டர்பிரைஸ் வென்றது.

அறைகூவும் படகு தன் நாட்டிலிருந்து பாய் விரித்து நீந்தியே பந்தயத் துறைக்கு வர வேண்டும் என்பது அக்காலத்து நியதி. எனவே பெருங்கடலின் அலையைத் தாங்குமளவு வலிவாக அதைக் கட்ட வேண்டும். வலிவுக்கு விலை எடை. கரையிலேயே இருந்த அமெரிக்கப் படகுக்கு அந்தப் பாரம் இல்லை. லிப்டனின் தோல்விகளுக்கு இது ஒன்றே காரணமாகாது. ஆயினும் கடலைக் கடந்து வந்தவன், கரையில் இருப்பவனைவிடக் கூடுதல் சுமையோடுதான் போட்டியில் இறங்க வேண்டியிருந்தது. இதை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன்.

தோல்வியை அவர் ஏற்ற பண்பு அமெரிக்க மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ் விடுத்த வேண்டுகோளின்படி மக்கள் சிறு தொகைகளாகக் காசு சேர்த்து, 1930 டிசம்பரில் அவருக்கு ஒரு பொற்கிண்ணம் பரிசளித்தனர். வெற்றிக் கிண்ணத்தைப் பெறாதவர் தோல்விக் கிண்ணத்தைப் பெற்றார். பல்லாண்டுகளாக அவரைச் சேர்க்காதிருந்த அரச படகுச் சங்கமும் 1931இல் கதவைத் திறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் காலமானார். மனைவி மக்கள் இல்லாத அவர், செல்வத்தின் பெரும்பகுதியைப் பிறந்த நகரமாகிய கிளாஸ்கோவுக்கே விட்டுச் சென்றார்.

பேரும் அரைப்பேரும்

சிறுமியின் கேள்விக்கு இனி வருவோம். கப்பலுக்குச் சல்லி கொடுத்தது யார்?

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பது வழக்கம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக்களத்தில் கூடி, கங்காணி காட்டிய மலைக்கு ஏறி, குறித்த றாத்தல் கொழுந்தைக் கொண்டு வந்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். என் பாட்டி மழையில் நனைந்து, அட்டைக் கடியோடு வீடு வந்து, "இன்னைக்கு அரைப்பேர்தான்டா" என்று சொல்லி அடுப்பருகே அமர்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லின் கொடுமை அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒருத்தியின் பெயரில் பாதியை அழிப்பதுபோல் அன்றோ அது ஒலிக்கிறது!

ஐந்தாம் ஷாம்ராக் நீரில் இறங்கியதற்கு முந்திய ஆண்டில்தான், 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில், தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி முதன்முதலாக நிர்ணயிக்கப்பட்டது. உயர் மலைப் பிரதேசத்தில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஏறத்தாழ நாலரை றாத்தல் பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு றாத்தல் தேயிலை. அந்தக் கொழுந்தை எடுத்தவை பெரும்பாலும் பெண்களின் விரல்கள். ஆணுக்கு இணையான கூலி அப்பெண்களுக்குக் கிடைத்ததோ 1984இல்தான்.

நீதியோடு பேச வேண்டும். இந்தக் கூலி லிப்டன் ஒருவர் வகுத்ததன்று. தோட்டங்கள் அனைத்துக்கும் பொதுவானது. 1927இலேயே அவர் தம் கம்பனியின் ஆட்சியைக் கைவிட்டிருந்தார். கொடிய துரை என்று அவரைச் சித்திரிக்க என்னிடம் ஆதாரமில்லை. அது என் நோக்கமும் அன்று. நான் சொல்வது வேறு. படகுப் பட்டறைக்குச் சென்ற பொன்னின் வேர் மலைச் சரிவில் இருந்தது. ஆனால் வேரைப் பற்றிய ஏடு எங்குமே எழுதப்படவில்லை.

நம்மவர் ஏறிய கப்பல்கள்

நம் மக்களுக்கும் கப்பல்கள் இருந்தன. புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து வந்தோர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோரை எண்ணியவர் இல்லை. 1864இல் கடலில் மூழ்கிய 'ஆதிலட்சுமி'யின் பெயர் மலையக மக்களின் நினைவில் இன்றும் ஒரு புண்ணாக இருக்கிறது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. வந்திறங்கியவர் தலையில் பயணச் செலவும் முன்பணமும் கடனாக ஏறின. கடனை எழுதிய 'துண்டு' அவரைக் கங்காணியோடு கட்டிவைத்தது. 1921இல் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கடலைக் கடந்து வந்தவன் கூடுதல் பாரத்தோடு வருகிறான் என்று சற்று முன் சொன்னேனே, அது படகுக்கு மட்டும் பொருந்துவதன்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தான் இங்கே பிறந்தால் போதாது. தன் தந்தையும் இங்கே பிறந்தவர் என்று நிறுவ வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்த தலைமுறைக்குச் சான்றுக்கு எங்கே போவது? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் பங்கு 1974இல் முடிவாயிற்று. அதன்பின் மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் கோச்சி புறப்படும் வேளையில் எழுந்த அழுகுரலை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். தலைமன்னாரில் 'இராமானுஜம்' என்ற கப்பல் காத்திருந்தது. அண்ணனை அதில் ஏற்றிவிட்டுத் தம்பி திரும்பினான். 1984இல் அந்தக் கப்பற் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. இங்கே எஞ்சியோரின் பிரஜாவுரிமைக் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படகின் பிறப்புச் சான்று

இலண்டனிலே லொயிட்ஸ் நிறுவனத்தார் 1878 முதல் உல்லாசப் படகுகளுக்கென்றே ஒரு பதிவேடு வெளியிட்டு வந்தனர். படகின் பெயர், முன்னைய பெயர், பிறந்த ஆண்டு, கட்டிய பட்டறை, வரைந்தவர், உடையவர், நீளம், எடை ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். ஐந்தாம் ஷாம்ராக் இன்றும் உயிரோடிருக்கிறது. பலர் கைமாறி, பலமுறை செப்பனிடப்பட்டு, பாய் விரித்தபடியே இருக்கிறது. எந்தப் பலகை எப்போது மாற்றப்பட்டது என்பதுவரை ஆராய்ந்து அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1963இல் டெனி பட்டறை மூடப்பட்டபோதும் அதன் சோதனைத் தொட்டியை அழியவிடவில்லை. இன்று அது ஒரு காட்சிச்சாலை. அந்த மக்களின் இந்தப் பண்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால், அன்பர்களே, ஒரு படகுக்கு இருந்த பிறப்புச் சான்று, அந்தப் படகைச் சாத்தியமாக்கிய மக்களுக்கு இல்லாது போயிற்று. பெயரும் ஆண்டும் தந்தை பெயரும் எழுதிய ஒரு தாள் கையில் இருந்திருந்தால், எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னார்க் கரையில் பிரிந்திராது. பதிவேடு என்பது பண்டிதரின் பொழுதுபோக்கு அன்று. அதை ஏழைக்கு உரிமையின் உயிர்நாடி என்றே சொல்ல வேண்டும். இதுதான் அந்தச் சிறுமிக்கு நான் கூறிய விடையின் சாரம்.

பழைய செக்ரோல்கள் எத்தனையோ தோட்டக் கந்தோர்களில் கறையானுக்கு இரையாயின. எஞ்சியவை இன்னும் சில அலுமாரிகளில் கிடக்கலாம். வீடுகளிலோ, தகரப் பெட்டியின் அடியில் பழைய கடவுச்சீட்டு, மண்டபம் முகாமின் காகிதம், பிறப்புப் பத்திரம், இராமேசுவரத்திலிருந்து அண்ணன் எழுதிய முதல் கடிதம் ஆகியவை இருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது, இந்த நினைவு இன்னும் அவியவில்லை என்று நாடு கண்டது. நினைவு நடந்தால் மட்டும் போதாது; அது எழுத்தில் ஏற வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஒரு தடித்த கொப்பியைத் திறவுங்கள். அதற்குப் 'பேரேடு' என்று பெயரிடலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, வந்த சீமை, கரை சேர்ந்த வழி, கொழுந்தெடுத்த மலை, இந்தியா சென்ற உறவினரின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதட்டும். தெரியாத ஆண்டைக் கற்பித்து எழுத வேண்டாம், வெற்றிடமாக விடட்டும். உண்மையாக விட்ட வெற்றிடமும் ஒரு சான்றுதான். இலக்கிய வட்டங்கள் அந்த ஏடுகளைப் படி எடுத்து நூலகங்களில் சேர்க்கட்டும்.

எண்பது கடந்த மூதாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் போக வேண்டும். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் முழுப்பேராக எழுதுவோம்.